மேடையை யார் கூட்டுவது?

வாசகர் கேள்வி – பதில்
பதில் எழுதுபவர்: திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற நாடகமும் அரங்கியலும் ஆசிரியை

போன இதழில் ஒரு மாணவி, "நாடகம் படிப்பித்தவர்களில் உங்களுக்கு ஆகப் பிடித்தவர் யார்?" என்று கேட்டிருந்தார். "இப்ராஹிம் அல்காசி" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதினான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர் யார் என்று கேட்டுச் சில, நம்மவர்கள் இருக்க அவர் எதற்கு என்று கோபித்துச் சில. சரி, இந்த முறை முழுக்க அவரைப் பற்றியே பேசுவோம்.

"டீச்சர், அல்காசி என்ற பெயரை நான் எங்கேயும் படித்ததில்லை. பெயரைப் பார்த்தால் அரபுப் பெயர் போல இருக்கிறது. இந்தியர் என்கிறீர்களே?"
– உயர்தர மாணவி, உவர்மலை

அரபுப் பெயர்தான் மகள். 1925 ஒக்டோபர் 18இல் பூனாவில் பிறந்தவர். தகப்பனார் சவூதி அரேபியாவிலிருந்து வந்த வியாபாரி, தாயார் குவைத்துக்காரி. வீட்டில் ஒன்பது பிள்ளைகள். வீட்டுக்குள் அரபு, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், வெளியே மராத்தியும் குஜராத்தியும். பம்பாயில் புனித சேவியர் கல்லூரியில் படிக்கும்போது சுல்தான் பதம்சீ என்ற இளைஞர் நடத்திய ஆங்கில நாடகக் குழுவில் போய்ச் சேர்ந்தார். 1947இல் லண்டன் போய், ராடா என்று சொல்கிற நாடகக் கல்லூரியில் படித்தார். குடும்பத்தில் மற்றவர்கள் அந்த 1947இலேயே இந்தியாவை விட்டுப் போனார்கள். லண்டனிலேயே தொழில் செய்ய அவருக்கு வாய்ப்பும் வந்தது. வேண்டாம் என்று பம்பாய்க்கே திரும்பினார்.

பிறகு பம்பாயில் குழு நடத்தினார், நாடகத்துக்கென்று மாதப் பத்திரிகை போட்டார், நாடகப் பள்ளி வைத்தார். 1962இல் டில்லியில் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநரானார். பள்ளி தொடங்கி மூன்றே வருடம், அவருக்கு அப்போது 40 வயதுகூட ஆகவில்லை. 1977 வரை 15 வருடம் அங்கே இருந்தார். 50 நாடகங்களுக்கு மேல் நெறியாள்கை செய்தவர். நடிகர் நசிருதீன் ஷாவைத் தெரியுமா? ஓம் பூரியை? ரோகிணி ஹட்டங்கடியை? எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

வீட்டில் ஒரு மொழி பேசி, இன்னொரு மொழியில் கற்று, மூன்றாவது மொழியான இந்தியில் நாடகம் போட்டவர் அவர். காலை பஸ்ஸில் மூன்று மொழி கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரை விளங்கிக்கொள்வது கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

"எங்கள் பாடசாலையில் மண்டபத்தைப் போட்டிக்கு முதல் நாள்தான் திறந்து தருகிறார்கள். உள்ளே போனால் உடைந்த கதிரைகள் அடுக்கியிருக்கும். அல்காசிக்கு அரசாங்கம் பள்ளியே கட்டிக் கொடுத்தது. எங்களைப் போன்றவர்கள் அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொள்ள முடியும்?"
– நாடக ஆசிரியை, கிண்ணியா

டீச்சர், உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து மேசையில் வைத்தேன். இது என்னுடைய கடிதமும்தான். நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், "பிள்ளைகள் குதித்தால் மேடைப் பலகை போய்விடும்" என்று சொல்லி இரண்டு தவணை மண்டபத்தைப் பூட்டியே வைத்திருந்தார்கள். விஞ்ஞானகூடத்து விறாந்தையில்தான் ஒத்திகை. வலப்பக்கம் கழுவுதொட்டி, இடப்பக்கம் தூண். 'வாள்' உருவும்போதெல்லாம் பையனின் முழங்கை தூணில் இடிக்கும்.

அல்காசிக்கும் எடுத்த எடுப்பில் மண்டபம் கிடைக்கவில்லை. பம்பாயில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியைத்தான் அரங்காக்கினார். பார்க்க வந்தவர்கள் அத்தனை மாடியும் ஏறி வந்தார்கள். அதற்கு 'மேகதூத்' என்று பெயர் வைத்தார். டில்லிக்குப் போனபோது நாடகப் பள்ளி கைலாஷ் காலனியில் இருந்தது. மோகன் ராகேஷ் எழுதிய 'ஆஷாட் கா ஏக் தின்' என்ற, காளிதாசனைப் பற்றிய நாடகத்தை அந்தப் பள்ளி முற்றத்திலேயே போட்டார். பிறகு பள்ளி மண்டி ஹவுஸ் பக்கம் வந்த பின், ஓர் ஆலமரத்தடியில் திறந்தவெளி அரங்கு உருவாக்கினார். அதற்கும் பெயர் மேகதூத்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். போட்டி நடக்கும் மண்டபத்துக்கு முதலிலேயே ஒரு நாள் போய் மேடையை அளந்து வாருங்கள். அளவு நாடா இல்லாவிட்டால் உங்கள் காலடியால் அளவுங்கள். எங்கே படி, எங்கே திரைக் கயிறு, சுவிட்ச் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் கீறுங்கள். பிறகு பாடசாலை முற்றத்தில், வேப்பமரத்தடியில், எங்கே இடம் கிடைத்தாலும் அதே அளவில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் விழுந்துவிடுவாய் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரு கிழமையில் கால் பழகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன். தமிழ்த்தினப் போட்டியன்று முதல் முறையாக நிஜ மேடையில் ஏறிய பிள்ளைகள் ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை.

பலகை போகும் என்று சொன்னவர் அன்று முன்வரிசையில் இருந்தார். அடுத்த தவணை திறப்பு என் கையில்.

"அவர் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்தாராமே? கலை படிக்கப் போன பிள்ளைகளுக்கு அது அவமானம் இல்லையா?"
– வாசகர், மடத்தடி

கழுவ வைத்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படிக் கழுவுவது என்று தானே கழுவிக் காட்டினார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடிப்புப் படிக்க வந்தவரும் காட்சியமைப்பு, ஒளி, உடை எல்லாவற்றிலும் கை வைக்கவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. ஆணி அடித்தவன், அந்த ஆணி இருக்கும் பலகையில் கவனமாக நடப்பான். இதில் அவமானம் எங்கே வருகிறது?

என் வகுப்பில் மேடையைக் கூட்டுவது கதாநாயகன் வேலை. துணை வேடக்காரர் கூட்டினால் நான் விடமாட்டேன். ஒரு வருடம் இராவணன் வேடம் கட்டிய பையன், "டீச்சர், நான் இராவணன்" என்றான். "அப்படியென்றால் இலங்கை முழுக்க உன்னுடையது, கூட்டு" என்றேன். கூட்டினான். கூட்டும்போது ஒரு மூலையில் பலகை ஆடுவதைக் கண்டுபிடித்து, தானே கல் வைத்துச் சரிசெய்தான். அவன் மார்தட்டி நிற்கவேண்டிய இடம் அதுதான்.

"மண்டபங்கள் இருக்க, இடிந்த கோட்டைகளுக்குள் ஏன் நாடகம் போட்டார்? பின்னணி அழகாக இருக்கும் என்பதற்காகவா?"
– இளைஞர் கழகச் செயலாளர், நிலாவெளி

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளவேண்டும்.

1963இல் அல்காசி 'அந்தா யுக்' நாடகத்தை டில்லி பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளுக்குள் போட்டார். தர்மவீர் பாரதி எழுதியது. 'குருட்டு யுகம்' என்று அர்த்தம். பாரதப் போரின் பதினெட்டாம் நாள் மாலையில் நாடகம் தொடங்குகிறது. எல்லாம் முடிந்துவிட்டது. அரண்மனையில் காக்க ஒன்றுமில்லை, ஆனாலும் இரண்டு காவலாளிகள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தாரி அழுகிறாள். அசுவத்தாமா பழிவாங்க அலைகிறான். இந்தியப் பிரிவினை முடிந்து சில வருடங்களில் எழுதப்பட்ட நாடகம். பார்க்க வந்தவர்களில் பிரதமர் நேருவும் இருந்தார். பிறகு எழுபதுகளில் கிரிஷ் கர்னாடின் 'துக்ளக்' நாடகத்தை டில்லிப் பழைய கோட்டையில், புராணா கிலாவில், போட்டார். மனோகர் சிங் துக்ளக்காக நடித்தார்.

நான் கோட்லாவை நேரில் பார்த்திருக்கிறேன். தங்கையும் நானும் காசிக்குப் போய்த் திரும்பும்போது டில்லியில் இரண்டு நாள் நின்றோம். தங்கை கடைக்குப் போனாள், நான் ஓட்டோ பிடித்து அங்கே போனேன். பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம். உள்ளே போனால் பதினான்காம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் கட்டிய கோட்டையின் மிச்சம். படிப்படியாக ஏறும் ஒரு கல் கட்டடம், அதன் உச்சியில் அசோகர் தூண். அன்று வியாழக்கிழமை. கீழே இருண்ட அறைகளில் சனங்கள் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் கொளுத்தி, சுவரில் கடதாசி செருகிக்கொண்டிருந்தார்கள். ஜின்களுக்கு எழுதும் மனுக்களாம். பிள்ளைக்கு வேலை வேண்டும், காணி வழக்கு முடியவேண்டும் என்று. ஒரு தாய் தன் மனுவைப் பல பிரதி எடுத்து வந்து அறை அறையாக வைத்துக்கொண்டு போனாள். எந்த அறையில் இருப்பவர் படிப்பார் என்று தெரியாதல்லவா?

அந்தத் தாயின் பின்னால் கொஞ்சத் தூரம் நடந்தேன். அப்போதுதான் விளங்கியது. அந்த இடத்தில் காந்தாரி நடந்தால், அவளுக்குக் காட்சிச் சீலை தேவையில்லை. வருடக் கணக்காக அங்கே சனங்கள் இல்லாதவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அல்காசி எடுத்துக்கொண்டது பின்னணியை அல்ல, இடத்தின் பாரத்தை.

திரும்பி வந்த வருடம், ஓடித்திரிந்து அனுமதி எடுத்து, டச்பே கடற்கரையில் ஒரு நாடகம் போட்டேன். காந்தாரி களத்தில் பிள்ளைகளைத் தேடும் பகுதி மட்டும், நாற்பது நிமிடம். பதினொரு பெண்பிள்ளைகள். கடலைப் பின்னால் வைத்து, சனத்தைக் கடல் பார்க்க இருத்தினேன். அந்தி வெளிச்சத்தில் தண்ணீர் மினுங்கும், எவ்வளவு வடிவாக இருக்கும் என்று எனக்கு ஒரு மயக்கம். ஓகஸ்ட் மாதம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காலம் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. கடைசி ஒத்திகையில் பிள்ளை வாய் திறந்து கத்துகிறாள், முன்வரிசையில் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குரல் முழுவதும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் கடலுக்குப் போகிறது. மணல் அவள் வாய்க்குள் போகிறது. கட்டியிருந்த கறுப்புச் சீலை கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

வலை காயப்போட்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து, "டீச்சர், மறுபக்கம் திருப்புங்கோ" என்றார். அவ்வளவுதான். மேடையைக் கரைப்பக்கம் வைத்து, சனத்தைக் கடலுக்கு முதுகு காட்டி இருத்தினோம். காற்று இப்போது பிள்ளைகளின் பின்னாலிருந்து வந்து, குரலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சனத்தின் காதில் வைத்தது. மெதுவாகப் பேசினாலும் கேட்டது. வடிவான கடல் போய்விட்டது, பின்னால் தெருவும் லைட் கம்பமும்தான். ஆனால் சனம் காந்தாரியைப் பார்த்தார்கள், முதுகுக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

காந்தாரி கையில் உடல் என்று ஒன்றுமில்லை. சுருட்டிய ஒரு சாரம் மட்டும். ஒவ்வொருவராகத் தொட்டு, "இவன் என் பிள்ளையா?" என்று கேட்பாள். மற்றப் பிள்ளைகள், "இல்லை அம்மா" என்பார்கள். ஐந்தாவது தடவை கேட்டபோது சனத்துக்குள்ளிருந்து ஒரு அம்மா எழும்பினார். கத்தவில்லை, அழவில்லை. திரும்பி, தண்ணீர் விளிம்புவரை நடந்து போய், நாடகம் முடியும்வரை எங்களுக்கு முதுகு காட்டி அங்கேயே நின்றார். அவரைத் தெரிந்தவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

அழகுக்காகவா என்று கேட்டீர்கள் தம்பி. அழகுக்காக நான் வைத்த மேடையைக் காற்று தூக்கிக்கொண்டு போனது.

"அல்காசி மேல்நாட்டு முறையைக் கொண்டுவந்து திணித்தவர் என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். கூத்து இருக்கும் மட்டக்களப்பிலிருந்து கேட்கிறேன். எங்களுக்கு அவர் எதற்கு?"
– நாடகத்துறை மாணவர், கல்லடி

இந்த விமர்சனம் இந்தியாவிலேயே இருக்கிறது. லண்டனில் கற்ற ஒழுங்கு, சோபக்ளிஸும் ஷேக்ஸ்பியரும், இந்திதான் மேடை மொழி என்ற நிலை. இவற்றைப் பற்றிய மனக்குறையில் நியாயம் உண்டு. அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற பி.வி. காரந்த் அவரிடமே படித்தவர். அவர் இசையையும் நாட்டார் ஆட்டத்தையும் பள்ளிக்குள் கொண்டுவந்தார். இன்னொரு மாணவர் ரத்தன் தியாம் தன் ஊரான மணிப்பூருக்குத் திரும்பி 1976இல் குழு தொடங்கி, அந்த மண்ணின் ஆட்டத்தையும் போர்க்கலையையும் வைத்தே நாடகம் செய்தார். ஆசிரியரைப் போலச் செய்யாத மாணவர்கள் இத்தனை பேர் ஓர் ஆசிரியரிடமிருந்து வருகிறார்கள் என்றால், அவர் திணித்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் கூத்தைச் சொன்னீர்கள். அல்காசி டில்லியில் 'அந்தா யுக்' போட்ட அதே அறுபதுகளில்தான் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கி 'இராவணேசன்' போட்டார். மௌனகுரு அதில் இராவணன். இருவரும் மகாகாவியத்தை எடுத்தார்கள், இருவரும் மாணவர்களை வைத்துச் செய்தார்கள். ஒருவரை உயர்த்த மற்றவரை இறக்கவேண்டிய தேவை எனக்கு இருந்ததில்லை.

இன்னொன்று. கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவிமாரை யோசித்துப் பாருங்கள். தம்பலகாமத்தில் என் பேரனார் காலத்து அண்ணாவியார் ஒருவரைப் பற்றி அம்மா சொல்லுவார். ஏட்டைப் பார்த்து யாருக்கு எந்த வேடம் என்று சட்டங் கொடுப்பதிலிருந்து, மாதக்கணக்காகத் தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்கி, சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றிவிடும்வரை எல்லாம் அவர் ஒருவர்தான். உடுப்புத் தைப்பவரோடு இருந்து மணி கோர்ப்பார். கூத்தாடும் களரியில் மண் கொத்தித் தண்ணீர் தெளிப்பதையும் தானே நின்று பார்ப்பார், ஆடுபவன் காலில் கல் குத்தக்கூடாது என்று. டில்லியில் அல்காசி செய்ததைப் படித்தபோது எனக்கு இந்த அண்ணாவியார்தான் ஞாபகம் வந்தார். ஆகவே அல்காசி எனக்கு அந்நியர் இல்லை.

"ஷேக்ஸ்பியரைத் தமிழில் நாடக இலக்கணத்தோடு சேர்த்துப் பேசிய பழைய நூல் ஒன்று இருக்கிறதாமே?"
– ஓய்வுபெற்ற தபாலதிபர், பாலையூற்று

சுவாமி விபுலானந்தரின் 'மதங்க சூளாமணி'. 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களையும், பிறகு வடமொழி நாடக இலக்கண நூலான தசரூபகத்தையும் ஒரே நூலில் வைத்துப் பார்த்தவர். எங்கள் ஊர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவரும் அவர்தான். கையில் கிடைத்தால் நடுப்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

"அல்காசியிடம் படித்த தமிழர் யாராவது உண்டா?"
– உயர்தர மாணவன், செல்வநாயகபுரம்

உண்டு தம்பி. பேராசிரியர் சே. இராமானுஜம். நாங்குநேரிக்காரர். காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்தவர், டில்லிக்குப் போய் அல்காசியின் கீழ் படித்துவிட்டுத் திரும்பினார். 1977இல் காந்திகிராமத்தில் அவரும் கேரளத்து ஜி. சங்கரப் பிள்ளையும் சேர்ந்து நடத்திய நாடகப் பட்டறை தமிழ்நாட்டு நவீன நாடகத்துக்கு ஒரு தொடக்கம் என்று இன்றைக்கும் பேசுவார்கள். பிறகு திருச்சூர் நாடகப் பள்ளி, அதன் பிறகு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம். திருக்குறுங்குடிக் கோயிலில் நடக்கும் கைசிக நாடகத்தைச் செம்மையாக மீட்டெடுத்ததிலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2016இல் காலமானார்.

அவர் போட்டவற்றில் 'வெறியாட்டம்' என்று ஒன்று உண்டு. யூரிபிடிஸ் என்ற கிரேக்கர் எழுதிய டிராய் நகரப் பெண்களின் கதை. போர் முடிந்துவிட்டது, ஆண்கள் செத்துவிட்டார்கள், பெண்கள் மிச்சம். அதைத் தமிழ் ஒப்பாரிக்குள் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துக்கு வேண்டிய நாடகம் அது என்று நான் எப்போதும் நினைப்பேன். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காந்திகிராமப் பட்டறை நடந்த நேரம்தான். பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மகள் உயர்தரத்துக்கு நாடகம் எடுக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். கெட்டிக்காரி. கணக்கியல் எடுத்தால் வங்கிக்குப் போகலாம். நாடகம் சோறு போடுமா டீச்சர்? உண்மையைச் சொல்லுங்கள்."
– தகப்பன், மூதூர்

ஐயா, உண்மையைச் சொல்கிறேன். நடித்து மட்டும் இந்த நாட்டில் தமிழில் சாப்பிடுவது கஷ்டம். படிப்பித்துச் சாப்பிடலாம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்தில் பட்டம் படிக்கலாம். பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக இருக்கிறது, அதற்கு ஆசிரியர்கள் வேண்டும். நான் அப்படித்தான் 27 வருடம் சம்பளம் எடுத்தேன், வீடு கட்டினேன், தங்கையைக் கட்டிக் கொடுத்தேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொரு வரி என்னைக் குத்தியது. "கடைசியில் டீச்சராகத்தானே வருவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அல்காசிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பத்மபூஷண் கொடுத்தார்கள், 2010இல் பத்மவிபூஷணும் கொடுத்தார்கள். அவர் போட்ட நாடகங்களை இன்று யாரும் பார்க்க முடியாது. நாடகம் அப்படித்தான், விளக்கு அணைந்ததும் போய்விடும். மிச்சம் இருப்பது அந்த 15 வருடத்தில் அவர் முன்னால் இருந்த பிள்ளைகள். ஆங்கிலம் சரளமாக வராமல் பஞ்சாபிலிருந்து வந்த ஓம் பூரியும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்த நசிருதீன் ஷாவும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். இருவருமே பெரிய நடிகர்களானார்கள். ஆகவே 'டீச்சராகத்தானே' என்று மகளுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கும் கெட்டித்தனமாகச் செய்வாள் என்றால் நல்லது. ஒரு நாடகத்துக்குச் சீலை எத்தனை யார், ஜெனரேட்டருக்கு எத்தனை லீற்றர் டீசல் என்று கணக்குப் பார்க்க ஆள் இல்லாமல்தான் நாங்கள் பாதி நாடகங்களைக் கைவிட்டோம்.

"1977க்குப் பிறகு அவர் என்ன செய்தார்?"
– வாசகி, தம்பலகாமம்

மனைவி ரோஷனோடு சேர்ந்து டில்லியில் 'ஆர்ட் ஹெரிட்டேஜ்' என்ற ஓவியக்கூடம் நடத்தினார். அவர் நாடகங்களுக்கு உடை அமைத்தவர் ரோஷன்தான். அல்காசியே ஓவியர், ஹுசைன், சூசா போன்ற ஓவியர்களோடு பம்பாயிலேயே நெருக்கம். இந்தியாவின் பழைய புகைப்படங்களையும் பெருந்தொகையாகச் சேர்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொஞ்சக் காலம் மேடைக்குத் திரும்பி, கர்னாடின் 'ரக்த கல்யாண்' போட்டார். 2020 ஓகஸ்ட் 4இல் டில்லியில் காலமானார், 94 வயது. மகள் அமால் அல்லானாவும் மகன் பைசல் அல்காசியும் நாடக நெறியாளர்கள்.

அன்று கொரோனாக் காலம். நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டோம். இராவணன் வேடம் கட்டிய அந்தப் பையன் இப்போது கட்டாரில். "டீச்சர், இன்றைக்கு நான் அறையைக் கூட்டினேன்" என்று ஒரு குரற்பதிவு அனுப்பினான்.

"டீச்சர், நீங்கள் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் பழக்குவதாக அக்கா சொன்னா. எனக்குப் பேசினால் நடுங்கும், குரலும் சின்னக் குரல். நான் வரலாமா?"
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, அன்புவழிபுரம்

வா மகள். சின்னக் குரலைப் பற்றிக் கவலைப்படாதே, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதும். நாலு மணிக்குத் தொடங்குவோம், நீ மூன்றே முக்காலுக்கு வந்துவிடு. செருப்பை வாசலில் கழற்று. சில நாள் பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வந்து படலைக்குள் தலை நீட்டும், பயப்படாதே, வாழைப்பழத் தோல் கொடுத்தால் போய்விடும். தும்புத்தடி கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. பலகையின் நீளப் பக்கமாகக் கூட்டு, குறுக்கே கூட்டினால் தூசி இடுக்கில் போய் நிற்கும்.